செவ்வாய்க்கிழமை நான் சொன்ன ஓம்

1

டென்மார்க்குக்கு வந்து எனக்கு இருபத்தெட்டு ஆண்டுகள் நிறைந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. ஆண்டுதோறும் அந்த நாளில் நான் லீவு எடுப்பேன். காலையில் முடி வெட்டுவேன். பகலில் பழைய நாட்குறிப்பு ஒன்றை எடுத்து வாசிப்பேன். மாலையில் மனைவி ரீட்டா ஆட்டிறைச்சிக் கறி வைப்பாள். இந்த ஒழுங்கு இதுவரை இரண்டு முறைதான் குழம்பியிருக்கிறது. முதல் முறை மகள் தர்சினிக்கு அம்மை போட்டபோது. இரண்டாவது முறையும் தர்சினியால்தான்.

காலை 7.10க்கு அவள் என் அறைக் கதவைத் தட்டினாள்.

“அப்பா, மெட்டெவுக்குக் காய்ச்சல். முப்பத்தொன்பது தசம் நாலு. நீங்கள் வாறீங்களோ?”

எங்கே என்று நான் கேட்கவில்லை. மூன்று வாரமாக எங்கள் ஒடென்சே வீட்டில் வேறு கதை இல்லை. தர்சினி ஓர்கன் படித்து முடித்தவள். ஸ்கீவ பக்கத்தில், ஃபியோர்டு என்னும் கடற்கழியின் கரையில், ஒரு சிறிய ஊரின் தேவாலயத்தில் ஓர்கன் வாசிப்பாளர் இடம் ஒன்று காலியாக இருந்தது. விண்ணப்பித்தவர்களில் நான்கு பேரை வாசித்துக்காட்ட அழைத்திருந்தார்கள். அவள் மூன்றாவது ஆள். நேரம் 13.20. அவள் வாசிக்கும்போது பக்கத்தில் நின்று தாள் திருப்பவும் பிடிகளை இழுக்கவும் வரவிருந்தவள் அவளோடு படித்த மெட்டெ.

“வேற ஒருத்தரும் இல்லையோ?” என்று கேட்டேன்.

“இருந்தால் உங்களை எழுப்புவனோ?”

ஒரு குறிப்பு. தர்சினி இங்கே பிறந்தவள். என்னோடு பாதி தமிழும் பாதி டெனிஷுமாகக் கதைப்பாள். அவள் தமிழில் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். டெனிஷில் சொன்னதை எழுத்துத் தமிழில் எழுதுகிறேன். எது எந்த மொழி என்பது இந்தக் கதைக்கு முக்கியம்.

2

ஊரில் இருப்பவர்களுக்கு முதலில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். மகள் ஓர்கன் படிக்கிறாள் என்று நான் சொன்னபோதெல்லாம் நீங்கள் “நல்லது, நல்லது” என்றீர்கள். பிறகுதான் தெரிந்தது, நீங்கள் நினைத்தது கோயிலில் மேசைமேல் வைத்து வாசிக்கும் கீபோர்டை. அதற்கும் எங்களுடைய பக்கத்தில் ஓகன் என்றுதான் பெயர்.

அந்த ஓகனோடு எனக்கும் ஒரு தொடர்பு உண்டு. பதினைந்து வயதில் நான் எங்கள் பங்குக் கோயில் பாடகர் குழுவில் இருந்தேன். யாரோ வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பற்றரி ஓகன் ஒன்று வந்து சேர்ந்தது. அதில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. அது எதற்கு என்று ஒருவருக்கும் தெரியாததால், காணிக்கை நேரத்தில் நான் அதை அமுக்கிப் பார்த்தேன். ஓகன் தானாகவே ஒரு டிஸ்கோப் பாட்டை முழுதாக வாசித்தது. நிறுத்தும் பொத்தானை ஒருவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. பூசை வைத்த சுவாமி கையை விரித்தபடி பீடத்தில் காத்திருந்தார். என் இசை வாழ்க்கை அந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்தது.

நீங்கள் மட்டுமல்ல, இங்கே டென்மார்க்கில், எங்களிடமிருந்து ஒன்றரை மணி தூரத்தில் இஷொயில் இருக்கும் ரீட்டாவின் தமையன் றெஜியும் அப்படித்தான் நினைத்திருந்தார். போன வருடம் அவர் தொலைபேசி எடுத்தார். றெஜிக்குத் தொலைபேசி தேவையில்லை, இஷொயில் நின்று கதைத்தாலே ஒடென்சேக்குக் கேட்கும்.

“மச்சான், எங்கட பக்கத்து வீட்டுப் பெட்டை பெரியபிள்ளையாகி, சாமத்திய வீடு. தர்சினியை ஓகன் வாசிக்கச் சொல்லு.”

“அது ஏலாது மச்சான்.”

“ஏன்? பெரிய ஆளாகிட்டாவோ?”

“ஓகனைக் கொண்டுவர ஏலாது.”

“நான் வான் கொண்டு வாறன்.”

“ஆயிரத்து இருநூறு குழாய் இருக்கு. பெரிய குழாய் உங்கட வீட்டு முகட்டைவிட உயரம்.”

பிறகு அவர், “அப்ப ஏன் அதைப் படிக்க விட்டனீ?” என்று கேட்டார்.

நல்ல கேள்வி. அவள் பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்தோடு ஒரு தேவாலயத்துக்குப் போய் வந்து, “அப்பா, அது மூச்சு விடுது” என்றாள். அவ்வளவுதான் நடந்தது.

அவளிடமிருந்து நான் பிற்பாடு தெரிந்துகொண்டது இது. பியானோவில் ஓங்கி அடித்தால் ஓங்கிக் கேட்கும், மெல்லத் தொட்டால் மெல்லக் கேட்கும். ஓர்கனில் அப்படி இல்லை. நீங்கள் யானை மாதிரி அமுக்கினாலும் பூனை மாதிரி அமுக்கினாலும் சத்தம் ஒன்றே. ஆகவே வாசிப்பவரின் கையில் மிச்சம் இருப்பது நேரம்தான். எப்போது தொடுவது, எப்போது விடுவது. அதிலும் தொடுவதைவிட விடுவது கடினம் என்பாள். ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடையில் ஒரு மயிரிழை இடைவெளி விட்டால் கேட்பவருக்கு அது அழுத்தமாகப் படும். இடைவெளி விடாவிட்டால் கஞ்சி மாதிரி ஓடும். அதோடு, கல்லுக் கட்டடம் ஒவ்வொரு சுரத்தையும் இரண்டு மூன்று வினாடி வைத்திருந்துதான் திருப்பித் தரும். வாசிப்பவர் கட்டடத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

சத்தத்தின் நிறத்தை மாற்றுவது விரல் அல்ல, பக்கவாட்டில் இருக்கும் மரப்பிடிகள். ஒரு பிடியை இழுத்தால் ஒரு வரிசைக் குழாய்களுக்குக் காற்றுப் போகும். உள்ளே தள்ளினால் நிற்கும். வாசிப்பவரின் இரண்டு கையும் இரண்டு காலும் வேலையில் இருக்கும்போது அந்தப் பிடிகளை இழுக்க இன்னொருவர் வேண்டும்.

3

அந்த இன்னொருவராக இருக்க எனக்கு ஒரு தகுதி உண்டு. நான் ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக் கருவிகளைத் துப்புரவாக்கி அடுக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். ஒரு தட்டில் நாற்பத்தொரு கருவிகள் என்றால் நாற்பத்தொன்றும் அதனதன் இடத்தில், அதனதன் பக்கம் பார்த்து இருக்க வேண்டும். பட்டியலைப் பார்த்து வைப்பேன், வைத்ததைப் பார்த்துப் பட்டியலில் குறிப்பேன். அதனால் மெட்டெ வராத நாட்களில் தர்சினியின் ஒத்திகைக்கு நான் ஆறு தடவை போயிருக்கிறேன். எனக்கு நோட்ஸ் வாசிக்கத் தெரியாது. ஆனால் தாளில் அவள் ஒட்டிய நிறத் துண்டுகளைப் பார்த்து, பட்டியலின்படி இழுக்கத் தெரியும்.

சிக்கல் பிடிகளின் பெயர்கள்தான். அவை பாதி டெனிஷ், பாதி ஜெர்மன். ஒன்றுக்குப் பெயர் ரோர்ஃப்ளோய்தெ. இதை நான் சொல்லி முடிக்கும்போது பாட்டு முடிந்துவிடும். ஆகவே என் பட்டியலில் எனக்குத் தெரிந்த ஆட்களின் பெயர்களை வைத்தேன். எல்லாவற்றுக்கும் அடியில் நின்று தாங்கும் தடித்த சத்தத்துக்கு ரீட்டா. மெல்லிய, மூக்கால் இழுக்கும் புல்லாங்குழலுக்கு எங்கள் பூசைக்கு வரும் சறோ அக்கா. ட்ரம்பெட்டுக்கு, யோசிக்கவே இல்லை, றெஜி.

“பக்கம் 7, பச்சைத் துண்டு: சறோ அக்கா உள்ளே, றெஜி வெளியே.” இப்படி நாலு தாள். தமிழில், கட்டம் போட்டு.

“அப்பா, இதை வேறு யாருக்கும் காட்டாதீர்கள்” என்று தர்சினி டெனிஷில் சொன்னாள்.

4

ஒடென்சேயிலிருந்து அந்த ஊருக்குக் காரில் இரண்டு மணி பத்து நிமிடம். 9.45க்கு வெளிக்கிட்டோம். ரீட்டா வாசல்வரை வந்தாள். மகளுக்கு நெற்றியில் சிலுவை போட்டாள். என்னிடம், “பிழை கிழை விட்டுடாதையுங்கோ” என்று சொன்னாள். பிறகு, மகள் காருக்குள் ஏறியதும், “கிடைக்காட்டிலும் ஒண்டுமில்லை” என்று மெதுவாகச் சேர்த்தாள்.

ரீட்டாவின் நிலைப்பாடு மூன்று வாரமாக இதுதான். வெளியே சொல்வது, பிள்ளைக்கு நல்லது நடக்கட்டும். உள்ளே நினைப்பது, பிள்ளை வீட்டிலிருந்து போகாமல் இருக்கட்டும். இரண்டையும் ஒரே மெழுகுதிரியில் கேட்டாள். நான் அன்று காலை எதைக் கேட்டேன் என்பதை எழுதப் போவதில்லை.

இதில் எனக்குத் தனியாக ஒரு வருத்தமும் இருந்தது. இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் அகதியாக வந்த என்னைக் கொண்டுபோய் விட்டது இதே ஸ்கீவ பக்கத்தில்தான். நான் கேட்டுப் போகவில்லை. வரைபடத்தில் யாரோ ஒரு அதிகாரி வைத்த விரல் அங்கே இருந்தது. முதல் குளிர்காலத்தில் அந்தத் தெருவில் நான் எண்ணிய மனிதர்கள் ஒரு நாளைக்குச் சராசரி நாலு பேர். அவர்களில் ஒருவர் எப்போதும் அதே நாயோடு போகும் அதே ஆள். மாலை நாலு மணிக்கு இருட்டும். காலை ஒன்பதுக்குத்தான் விடியும். இரண்டு வருடத்தில், அனுமதி கிடைத்த அன்றே, இரண்டு சூட்கேசோடு ஒடென்சேக்கு ஓடி வந்தேன். இப்போது என் மகள் அந்த இடத்துக்குப் போக மனுப் போடுகிறாள். அதுவும் எத்தனை மனு! இணையப் படிவம், பிள்ளைகளோடு வேலை செய்யத் தடை இல்லை என்று பொலிஸ் சான்று, அவர்களுடைய சபையில் உறுப்பினரா என்று ஒரு கட்டம். அவள் “கத்தோலிக்கர்” என்று எழுதி, விதிவிலக்குக் கேட்டு இன்னொரு கடிதம் வைத்தாள். நான் அகதியாகப் பதிந்தபோதுகூட இவ்வளவு தாள் நிரப்பவில்லை.

“அங்க என்ன இருக்கெண்டு போறாய்?” என்று கடலுக்கு மேலுள்ள பாலத்தைத் தாண்டும்போது கேட்டேன்.

“பத்தொன்பது வரிசைக் குழாய் இருக்கு. நல்ல ட்ரம்பெட் இருக்கு.”

“ஒடென்சேயில இல்லாத ட்ரம்பெட்டோ?”

“ஒடென்சேயில் ஒரு இடத்துக்கு நாற்பது பேர் நிற்கிறார்கள், அப்பா. இது கிடைக்காவிட்டால் நான் செப்டம்பரிலிருந்து மறுபடி கடையில்தான் நிற்க வேண்டும். வாசிக்கிற கை மூன்று வருடம் சும்மா இருந்தால் பிறகு அது வாசிக்காது.”

இதை அவள் டெனிஷில் சொன்னாள். வழியெல்லாம் அதற்குப் பிறகு நான் பட்டியலையே மனதுக்குள் சொல்லிக்கொண்டு ஓட்டினேன்.

5

தேவாலயம் சிறியது, வெள்ளையடித்தது. பீடத்துக்கு எதிர்ப்பக்கத்தில், வாசலுக்கு மேலே மர மாடி. அதில் ஓர்கன். வாசிப்பவர் எல்லோருக்கும் முதுகு காட்டி இருப்பார். தலைக்கு மேலே ஒரு சிறிய கண்ணாடி, கீழே நடப்பதைப் பார்க்க. கீழே முன் வாங்கில் சபைக் குழுவினர் ஐந்து பேரும், வெளியூரிலிருந்து கூப்பிட்ட ஓர்கன் நிபுணர் ஒருவரும் பீடத்தைப் பார்த்தபடி இருந்தார்கள். யார் வாசிக்கிறார் என்று திரும்பிப் பார்க்கக் கூடாது, காதால் மட்டும் தீர்மானிக்க வேண்டும் என்பது விதி. அவர்களுக்கு நாங்கள் “இலக்கம் மூன்று”. மாடியில் கதைப்பதும் கூடாது.

தர்சினி மெல்லிய தோல் அடி வைத்த சப்பாத்தைப் போட்டாள். கால்களால் வாசிப்பதற்கென்றே உள்ள சப்பாத்து. பலகை கிறீச்சிடும் என்பதால் நான் என் சப்பாத்தைக் கழற்றிச் சுவரோடு சேர்த்து வைத்துவிட்டு, காலுறையோடு அவளுடைய வலப்பக்கம் நின்றேன்.

மூன்று இசைத் துண்டுகள் வாசிக்க வேண்டும். முதலாவது பெரியது, வேகமானது. அதில் எனக்குப் பதினொரு இழுவை. பதினொன்றும் சரி. இரண்டாவது மெதுவான ஒரு துக்கப் பாடல், சறோ அக்காவின் புல்லாங்குழலில். அது இரண்டு பகுதிகளாக எழுதியிருக்கும். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் திரும்ப வாசிக்கலாம் என்பதற்கு இரண்டு புள்ளி உண்டு. நேரம் போதாது என்பதால் திரும்ப வாசிப்பதில்லை என்று பேசி வைத்திருந்தோம். மூன்றாவது, ட்ரம்பெட்டோடு தொடங்கும் ஒரு கொண்டாட்டம்.

இரண்டாவது துண்டு முடிந்தது. கடைசிச் சுரத்தை அவள் விட்ட விதம் எனக்கே விளங்கியது. கதவைச் சாத்தாமல் மெல்லச் சேர்த்து வைப்பதுபோல விட்டாள். நான் பட்டியலின்படி சறோ அக்காவை உள்ளே தள்ளினேன். றெஜியை வெளியே இழுத்தேன். தாளின் மூலையில் விரல் வைத்தேன். அவள் புருவத்தை உயர்த்தி என்னைப் பார்த்தாள். ரெடியா என்று அர்த்தம்.

“ஓம்” என்றேன், உதட்டுக்குள்.

டெனிஷிலும் ஒரு ‘ஒம்’ உண்டு. அதற்கு ‘மறுபடியும்’ என்று பொருள். பள்ளிக்கூடத்தில் பிழையாக எழுதினால் ஆசிரியர் சொல்வது அதுதான். தர்சினியின் ஓர்கன் ஆசிரியை ஆறு வருடமாக ஒத்திகையில் அந்தச் சொல்லைத் தவிர அதிகம் சொன்னதில்லையாம். அதைக் கேட்டால் கை தானாகத் திரும்பிப் போகும்.

போனது. இரண்டாம் பகுதியின் தொடக்கத்துக்கு அவளுடைய கை திரும்பிப் போய், அந்தப் பகுதியின் முதல் சுரத்தைத் தொட்டது. வெளியே வந்தது றெஜி.

செத்த வீட்டில் றெஜி மைக்கைப் பிடித்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். விதியை மறந்து ஆறு தலையும் ஒன்றாகத் திரும்பின.

தர்சினியின் கழுத்து சிவந்தது. ஆனால் கை நிற்கவில்லை. முதல் சுரத்தை அவள் விடவே இல்லை, நீட்டினாள். அந்த நீட்டலுக்குள் அவள் யோசிப்பது எனக்குத் தெரிந்தது. பிறகு இரண்டாவது சுரத்தைக் குறுக்கினாள். இடைவெளி விட்டாள். அந்த இடைவெளியைக் கட்டடம் நிரப்பியது. மூன்றாவதைத் தொட்டாள், விட்டாள். புல்லாங்குழலில் ஒன்றோடொன்று ஒட்டி ஓடிய பாட்டை இப்போது ஒவ்வொரு கல்லாகத் தூக்கி வைப்பதுபோல வாசித்தாள். வேகத்தையும் குறைத்தாள். அதுவரை அழுதுகொண்டிருந்த பாட்டு எழுந்து நின்று, முகத்தைத் துடைத்துவிட்டு, கூடியிருந்தவர்களுக்கு ஏதோ அறிவித்தது.

எனக்கு அந்த அழகெல்லாம் பிறகுதான் விளங்கியது. அந்த நேரத்தில் நான் செய்தது, றெஜியின் பிடியில் கை வைத்து, ‘உள்ளே தள்ளட்டோ?’ என்று அவளைப் பார்த்தது. அவள் தலையை இரண்டு பக்கமும் அசைத்தாள்.

நீங்களே சொல்லுங்கள். எங்கள் தலையாட்டல் என்றால் ‘சரி, செய்யுங்கோ’. டெனிஷ் தலையாட்டல் என்றால் ‘வேண்டாம்’. என் வாழ்க்கையில் இவ்வளவு வேகமாக மொழியியல் ஆராய்ந்ததில்லை. என்னுடைய ஓமை அவள் ஒம் என்று கேட்டிருக்கிறாள். ஆகவே இந்த நிமிடத்தில் அவளுடைய காது டெனிஷ். காது டெனிஷ் என்றால் கழுத்தும் டெனிஷ்.

கையை எடுத்தேன். அதுதான் சரி.

6

வாசித்து முடித்து மாடிப்படியில் இறங்கும்போது அவள் பாதியில் அப்படியே படியில் குந்திவிட்டாள்.

“நீங்கள் ஒம் எண்டனீங்கள்.”

“ஓம் எண்டுதான் சொன்னனான்.”

“அதைத்தான் கேக்கிறன், ஏன் ஒம் எண்டு சொன்னனீங்கள்?”

“ரெடியோ எண்டு கேட்டாய். ஓம் எண்டன்.”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தலையைக் கையில் பிடித்தாள். “ஓம்” என்றாள், இந்த முறை எங்கள் ஓம். “எனக்கு விளங்கேல்லையப்பா. உங்கட குரலில கேட்டும் எனக்கு விளங்கேல்ல.”

கண் கலங்கியிருந்தது. வேலை போனதற்கா, ஓம் போனதற்கா என்று நான் கேட்கவில்லை. “இனிக் கிடைக்காது” என்று டெனிஷில் சொன்னாள். நான் சப்பாத்து நாடாவைக் கட்டினேன். இரண்டு தரம் கட்டினேன்.

அடுத்தது நேர்முகம். நான் காரில் இருக்கலாம் என்று நினைத்தேன். குழுத் தலைவர் விடவில்லை. யென்ஸ் என்று பெயர், பன்றிப் பண்ணை வைத்திருந்து ஓய்வுபெற்றவர், கதவளவு அகலம். “உதவியாளருக்கும் கோப்பி உண்டு” என்று என்னையும் உள்ளே இழுத்துப்போனார். மேசையில் கேக். ஓர்கன் நிபுணர் மெலிந்த, கண்ணாடி போட்ட அம்மா. அவர் கேக்கைத் தொடவில்லை.

“மெதுவான துண்டை ட்ரம்பெட்டில் திரும்ப வாசித்தீர்கள். நான் அப்படிக் கேட்டதே இல்லை. என்ன யோசித்து அப்படிச் செய்தீர்கள்?” என்று அந்த அம்மா கேட்டார்.

மேசையில் எல்லோரும் தர்சினியைப் பார்த்தார்கள். ஒரு நல்ல பொய் அவளுக்கு முன்னால் தட்டில் இருந்தது, எடுத்தால் போதும். உயிர்த்தெழுதல், நம்பிக்கை, துக்கத்துக்குப் பின் மகிழ்ச்சி என்று இரண்டு வசனம் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

“நான் யோசிக்கவில்லை. அது பிழை” என்றாள் தர்சினி. “அப்பா தமிழில் ஆம் என்றார். எனக்கு டெனிஷில் கேட்டது.”

யென்ஸுக்கு விளங்க ஒரு நிமிடம் ஆனது. பிறகு ஓமுக்கும் ஒமுக்கும் உள்ள வித்தியாசத்தை என்னை மூன்று தரம் சொல்ல வைத்து, அவரும் சொல்லிப் பார்த்து, கோப்பி சிந்தச் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை.

“பிழை என்பது விளங்குகிறது. பிழைக்குப் பிறகு சுரங்களைத் துண்டு துண்டாக வாசித்தீர்களே, அது?”

“அந்த ட்ரம்பெட் குழாய்கள் கொஞ்சம் தாமதமாகத்தான் வாய் திறக்கின்றன. முதல் சுரத்தில் அது தெரிந்தது. ஒட்டி வாசித்திருந்தால் சேறாகியிருக்கும். அதனால் இடம் விட்டேன்.”

அந்த அம்மா ஏதோ எழுதினார். பிறகு என் சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்த தாளைக் காட்டி, அது என்ன எழுத்து என்று கேட்டார். காட்ட வேண்டியதாகிவிட்டது. ட்ரம்பெட் இருந்த இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். அதையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

“என் மனைவியின் தமையன்.”

யென்ஸ் முன்னால் சாய்ந்தார். “எனக்கும் அப்படி ஒருவர் இருக்கிறார்” என்றார். “அவரை உள்ளே தள்ள உங்களிடம் பிடியாவது இருக்கிறது.”

மேசைக்குக் கீழே தர்சினி என் காலை மிதித்தாள். ஓர்கன் சப்பாத்து மெல்லியது, நோகவில்லை.

7

திரும்பி வரும் வழியில் தர்சினி, பாலத்தில் ஏறும்போது தமிழில் கேட்டாள்.

“அப்பா, வேணுமெண்டு சொன்னனீங்களோ?”

“என்னத்தை?”

“நான் போகக்கூடாதெண்டு.”

“எனக்கு நோட்ஸே வாசிக்கத் தெரியாது, பிள்ளை. திட்டம் போட்டுக் குழப்பிறதுக்கும் ஒரு சங்கீத ஞானம் வேணும்.”

அவள் சிரித்தாள். நான் பதில் சொல்லவில்லை என்பதை அவள் கவனித்தாளா தெரியாது. சொல்லியிருக்க வேண்டிய பதில்: இல்லை, வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் பிடியை இழுத்த கைக்கும் காலையில் மெழுகுதிரி கொளுத்திய கைக்கும் ஒரே உடம்புதான் என்பதால், சத்தியம் பண்ணச் சொன்னால் கொஞ்சம் யோசிப்பேன்.

மாலை 19.20க்கு, இறைச்சிக்கறி மேசைக்கு வந்த நேரம், அவளுடைய தொலைபேசி அடித்தது. எழுந்து யன்னல் பக்கம் போனாள். “யா” என்றாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி “யா”. பிறகு நன்றி சொல்லும் “தக்”. முதுகைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. ரீட்டா அகப்பையைச் சட்டிக்குள் வைத்துக்கொண்டு நின்றாள்.

தர்சினி திரும்பினாள்.

“கிடைச்சிட்டுது. நாலு ஸ்டெம்மர்.”

டெனிஷில் ‘ஸ்டெம்மர்’ என்றால் குரல்கள். ஓர்கனின் குழாய் வரிசைகளுக்கும் அதுதான் சொல்.

“நாலோ? பத்தொன்பது எண்டெல்லோ சொன்னனீ?” என்றேன்.

“வாக்கு, அப்பா, வாக்கு! அஞ்சு பேரில நாலு வாக்கு!”

அதற்கும் அதே சொல்தான். எதிராக வாக்களித்தவர், துக்கப் பாடலுக்கு ட்ரம்பெட் மரியாதைக் குறைவு என்று சொன்னாராம். நிபுணர் அம்மா முதலிலேயே மூன்றாம் இலக்கம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். யென்ஸ் சொன்ன காரணத்தைத் தர்சினி அப்படியே திருப்பிச் சொன்னாள். “நால்வரும் நன்றாக வாசித்தார்கள். ஆனால் எங்கள் தேவாலயத்தில் பாதிரியார் பாட்டில் இரண்டு அடியைத் தாண்டிவிடுவார், மணி நேரத்துக்கு முன் அடிக்கும், நத்தார்ப் பண்டிகை அன்று ஓர்கனின் காற்றுப்பெட்டி நிற்கும். பிழை வந்தால் நிற்காமல் வாசிக்கிற ஒருவர்தான் எங்களுக்கு வேண்டும். மற்ற மூன்று பேருக்கும் பிழை வரவில்லை. அதனால் அவர்களைப் பற்றி எங்களுக்குத் தெரியாது.”

நான் எழுந்து மகளைக் கட்டிப்பிடித்தேன். ரீட்டாவும் கட்டிப்பிடித்தாள், அழுதாள், முத்தம் கொடுத்தாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

“நீங்கள் ஒழுங்காச் செய்திருந்தால் பிள்ளை இஞ்சயே நிண்டிருக்கும்.”

இத்தனை ஆண்டுகளாகக் கருவி எண்ணுகிறவனுக்கு இப்படி ஒரு குற்றச்சாட்டு. மறுப்பதற்கு ஒன்றும் இல்லை.

சாப்பிடும்போது ரீட்டா ஒழுங்குபடுத்தத் தொடங்கினாள். அங்கே ஞாயிறு ஆராதனை எத்தனை மணிக்கு? 10.30. அப்படியென்றால் எட்டு மணிக்கு இங்கிருந்து வெளிக்கிட்டால் போதும். எங்களுடைய பூசையைச் சனிக்கிழமை மாலையே பார்த்துவிடலாம். கறியைக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் கொண்டுபோகலாம். குளிருக்கு இன்னொரு போர்வை. அவள் சொல்லச் சொல்ல, நான் தாள் எடுத்து இலக்கம் போட்டு எழுதினேன்.

தர்சினி கரண்டியை வைத்தாள். மிகவும் மரியாதையாக, மிகவும் மெதுவாக, டெனிஷில் சொன்னாள். “அம்மா, நீங்கள் ஒவ்வொரு ஞாயிறும் வர வேண்டியதில்லை.”

ரீட்டா பத்தொன்பது வருடமாக வயோதிபர் இல்லத்தில் வேலை செய்கிறாள். டெனிஷ்காரக் கிழவர்கள் பல்லில்லாமல் கதைப்பதுகூட அவளுக்கு விளங்கும். என்னுடைய கடிதங்களைத் திருத்துவதே அவள்தான். ஆனால் அந்த ஒரு வசனம் மட்டும் அன்று அவளுக்கு விளங்கவில்லை. சோற்றைப் பிசைந்தபடி என்னைப் பார்த்தாள்.

“என்னவாம்?”

மகள் என்னைப் பார்த்தாள். மனைவியும் என்னைப் பார்த்தாள். நான் பேனையை மூடி வைத்தேன்.

“ஒவ்வொரு ஞாயிறும் எங்களை வரட்டாம்” என்றேன்.